தகரக் கொட்டகைக்கு வந்த ஆடிட்

கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமிக்கு அன்று ராஜா வேஷம். தலையில் அட்டைக் கிரீடம். தோளில், ஆர்டர் ரத்தாகி மிஞ்சிப்போன சிவப்புத் துணியில் தைத்த அங்கவஸ்திரம். மேல் உதட்டில் மையால் வரைந்த மீசை. அந்த மீசையின் மேல் எங்கள் பனியன் கம்பெனி ஹெச்.ஆர். மேனேஜர் நாகராஜ் ஒரு மாஸ்க்கை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க நாகராஜு, ராஜா மாஸ்க் போட்டுட்டா வசனம் எப்படீங்க பேசறது?”

“அதெல்லாம் பேசலாமுங்க மாஸ்டர். அந்தம்மா கார் ஏறற வரைக்கும் கழட்டிப்போடாதீங்க.”

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை அது. மூன்று பக்கம் சுவரே கிடையாது. ஆனாலும் ஒரு மூங்கில் கம்பத்தில் ‘அவசர வழி’ என்று பச்சை அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் வெளியில்தான் போய் நிற்போம். இருந்தாலும் அம்பு இருந்தது. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. முதலுதவிப் பெட்டி ஒன்று, அதற்குள் காலாவதியாகாத பஞ்சு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வெளிநாட்டில் இருந்து வரும் அந்த அம்மாவின் விமானத்துக்கு நேரமாகிவிட்டதால், அவரை அழைத்துவரக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டேன். வாசலில் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. நாற்காலி கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேனைப் பற்றி அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்த வாரம் எழுத எனக்கு வேறு விஷயம் தேட வேண்டியிருந்திருக்கும்.

சாம்பிள் ரூமில் உட்கார்ந்து நான் அழுத கதையை முன்பு இந்தப் பத்தியில் படித்துவிட்டு, “திருப்பூரில் நீங்கள் யாரும் சிரிக்கவே மாட்டீர்களா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிரிப்போம். வயிறு வலிக்கச் சிரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லப்போகிறேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஏதோ ஒரு வருஷம். தினமும் கரன்ட் போய், ஊர் முழுக்க ஜெனரேட்டர் புகை மணத்துக்கொண்டிருந்த காலம்.

ஜன்னலில் ஒரு முகம்

கொட்டகையை நடத்தியவர் எஸ்தர் அக்கா. திருச்செந்தூர் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் பனியனை விளக்குக்கு அடியில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. ஊரில் இருந்தபோது கிறிஸ்துமஸ் நாடகங்களுக்கு அவர்தான் எல்லாம். மேய்ப்பர்களைத் திட்டித் திட்டியே வசனம் மனப்பாடம் செய்ய வைத்தவர்.

ஒருநாள் உடம்பு சரியில்லாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். லைன் வீடு ஒன்றின் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் சின்ன ஜன்னல். கம்பிக்குப் பின்னால் ஒரு குழந்தை.

“மணி என்னாச்சுங்க?” என்று கேட்டதாம்.

“மூணு ஆவுது. ஏன் பிள்ள?”

“எட்டு மணிக்கு அம்மா வருங்க.”

எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து மறுபடி அந்த வழியாக நடந்தார். ஜன்னலில் அதே முகம். ‘மணி என்னாச்சுங்க?’ தெருவில் போகிற எல்லோரிடமும் அந்தக் குழந்தை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்காரரிடம், கீரைக்காரம்மாவிடம், எல்லோரிடமும்.

குழந்தையின் பெயர் பவித்ரா. அம்மாவும் அப்பாவும் வேறு வேறு கம்பெனியில் ஷிப்ட். பூட்டிவிட்டுப் போகிறார்களே என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பூட்டாமல் விட்டுப்போக முடிகிற தெருவா அது? ஊரில் தாத்தா பாட்டியை விட்டுவிட்டு வந்தவர்கள். பக்கத்து வீட்டிலும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

அப்படித்தான் கொட்டகை வந்தது. காலியாகக் கிடந்த ஒரு பழைய தறி ஷெட்டைக் கேட்டு வாங்கினார்கள். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் பெண்கள், முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று பெரியவர்களின் நாடகம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு டாஸ்மாக் பக்கம் போகிற ஆண்களில் சிலரை வசனம் சொல்ல வைத்து நிறுத்தியது எஸ்தர் அக்காவின் சாதனை. இண்டர்லாக் துணியில் தேவதைக்கு இறக்கை, வேஸ்ட் துணியில் பேய்க்குத் தலைமுடி. நிறம் ஒத்துவராமல் கழித்த ரோல்களில் திரை. ஒரே திரையில் நாலு நீலம் இருக்கும்.

எல்லாம் நன்றாகப் போனபோது ஷெட்டுக்குச் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் அங்கே மெஷின் இறக்கப்போகிறார். தை மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடம் தேடினோம். திருப்பூரில் காலி இடம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

இடம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் மறுபடி பூட்டுக்குள். எஸ்தர் அக்காவுக்கு அதை நினைத்தே சோறு இறங்கவில்லை.

பெயர் போடாத தர்மம்

அப்போது நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். உடுமலையில் தென்னந்தோப்புக்கு நடுவே உட்கார்ந்து ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு, “பட்டன் ஏன் இன்னும் வரவில்லை” என்று பலவிதமாக எழுதத்தான் அந்தப் படிப்பு பயன்பட்டது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

“கண்ணு, நம்ம மொத எக்ஸ்போர்ட் பார்ட்டி இருந்தாரல்லொ, பெரியவரு. அவரு மக மார்த்தாம்மா வர்றாங்களாமா. ஆர்டருக்கு இல்ல. தர்மத்துக்கு.”

வட ஐரோப்பாவில், குளிரில் உறையும் சின்ன ஊர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் முதலாளி பத்து மெஷினோடு இருந்தபோது நம்பி ஆர்டர் கொடுத்தவர்கள். பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் கடைகளை எல்லாம் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிதான் அப்போது எங்களுக்குப் பெரிய பையர். விற்று வந்ததில் ஒரு பெரும் பங்கை அறக்கட்டளையாக்கி, அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேரும் வருஷத்துக்கு ஒருமுறை சமையலறை மேஜையில் உட்கார்ந்து, எந்த நாட்டில் யாருக்குக் கொடுப்பது என்று சண்டை போட்டு முடிவு செய்வார்களாம். ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்து நூலகத்துக்குக் கூரை. எங்கோ ஒரு தீவில் மீனவர்களின் பாட்டுக் குழு. மலை நாடு ஒன்றில் பொம்மலாட்டக்காரர்களுக்கு ஒரு வண்டி. குடிதண்ணீர்க் கிணறும் உண்டு. ஆனால் கிணறு தோண்டினால் அதன் பக்கத்தில் பாடுவதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பது மார்த்தாவின் கட்சி.

கொட்டகையையும் பிள்ளைகளையும் நாடகத்தையும் பற்றி நான்தான் அவருக்கு எழுதியிருந்தேன்; இடம் போகப்போவதை மட்டும் கொட்டகைக்காரர்கள் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். எழுதும்போது பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். எங்கள் பனியனில் சம்பாதித்த பணம், ஊரைச் சுற்றிவிட்டு எங்களுக்கே தர்மமாக வருகிறதாக்கும் என்று நினைத்தேன். காரில் வரும்போது அதையே கொஞ்சம் மெருகேற்றி மார்த்தாவிடம் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஆமாம், அதனால்தான் எங்கள் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்” என்றார்.

முதலாளியால் அதைத்தான் நம்பவே முடியவில்லை.

“பேரு போடாம எப்படிங் கண்ணு குடுக்கறது?”

அவரும் கொடுக்கிறவர்தான். குலதெய்வம் கோயில் அன்னதானத்துக்கு, பாத்திரத்துக்குப் பேர் போன அனுப்பர்பாளையத்தில் அண்டா, வாளி, கரண்டி என்று வாங்கிக் குவித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ‘உபயம்’ என்று போட்டு அவர் பெயரும் அப்பா பெயரும் ஊர் பெயரும் வெட்டியிருக்கும். சாம்பார்க் கரண்டியின் காம்பில் இடம் போதாமல் அவர் பெயர் பாதியில் நிற்கும். பந்தியில் அந்தக் கரண்டி தன் இலைக்கு வரும்போது அதைத் திருப்பிப் பார்த்து முகம் மலர்வார். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. கொடுத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற முகம் நல்ல முகம்தான்.

நாகராஜின் ஒத்திகை

ஆடிட் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க பையர்கள் ஆள் அனுப்புவார்கள். கழிப்பறை சுத்தமா, தீயணைப்பு வாளி உண்டா, சம்பளம் சரியா, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். அதில் தோற்றால் ஆர்டர் போய்விடும்.

ஆகவே ஆடிட்டுக்கு முன்பு ஊரே ஒத்திகை பார்க்கும். நாகராஜ் லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். “ஏதாச்சும் குறை இருக்குதான்னு கேட்டா என்ன சொல்லோணும்?” எல்லோரும் ஒரே குரலில்: “ஒரு குறையும் இல்லீங்க!” வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பதில் நாக்கில் ஒட்டிவிடும். ஆடிட் அன்று யாருடைய குழந்தையாவது சாப்பாட்டுத் தூக்குடன் கேட் பக்கம் வந்தால், வாட்ச்மேன் விரட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளையாகவே இருக்கட்டும். கண்ணில் படக்கூடாது.

நாகராஜ் கெட்டவர் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கிச் சுற்றிப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். தர்மம் கொடுக்க வருகிறவருக்கும் அதையே கொடுத்தார்.

“நோ சில்ட்ரன் மேடம்”

மார்த்தா உயரமான பெண்மணி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முதலாளியோடு கொட்டகைக்குள் நுழைந்ததும் ஆசையோடு நாலு பக்கமும் பார்த்தார். நாலு நீலத் திரையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் மாஸ்க்கும் தலையில் வலைத்தொப்பியுமாக வரிசையில் நின்றவர்களுக்குக் கைகூப்பினார். கிரீடத்துக்குக் கீழே மாஸ்க் போட்ட ராஜாவைப் பார்த்துச் சற்றுக் குழம்பினார்.

“குழந்தைகள் எங்கே?” என்று கேட்டார்.

நான் திரும்புவதற்குள் நாகராஜ் முன்னால் வந்து ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்: “நோ சில்ட்ரன் மேடம்! நோ சில்ட்ரன் அட் ஆல்!”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “எங்க நாகராஜ் பிள்ளைங்க?” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“திருமூர்த்தி மலைக்கு வேன்ல அனுப்பிச்சுட்டனுங்க. புளிசாதம் கட்டிக் குடுத்து. பொழுதோடதான் வருவாங்க. ஒண்ணும் பயமில்லீங்க.”

வேன்! காலையில் பார்த்த வேன்!

குழந்தைகள் சுற்றுலா போயிருக்கிறார்கள் என்று மார்த்தாவிடம் சொன்னேன். “நான் வருகிற நாளிலா?” என்றார். குரல் மாறிவிட்டது. பிறகு வரிசையில் நின்றவர்களிடம், இங்கே உங்களுக்கு என்ன குறை, என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லீங்க!”

தகரம் அதிர்ந்தது. கூரை ஒழுகுகிறதா? இல்லீங்க. தண்ணீர்? இருக்குதுங்க. இந்த இடத்துக்கு ஏதாவது ஆபத்து? இல்லவே இல்லீங்க. கடைசியில் எஸ்தர் அக்காவிடமே நேராகக் கேட்டார். பல வருஷம் செக்கிங்கில் நின்று, எத்தனையோ ஆடிட்டில் பதில் சொன்னவர். யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. “ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு.” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அப்படியே என்னைப் பார்த்தார்.

மார்த்தா மரியாதையாகப் புன்னகை செய்தார். “சந்தோஷம். எல்லாம் நன்றாக இருக்கிறது. எங்கள் உதவி இதைவிட அதிகம் தேவைப்படுகிற இடங்கள் இருக்கின்றன, நாங்கள் யோசிக்கிறோம்” என்றார். அந்த மரியாதையை நான் நன்றாக அறிவேன். சாம்பிள் பிடிக்காத பையர்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

விளக்கிச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? இடம் போகிறது என்றால், அதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாரே. ‘ஆடிட் வந்தால் நாங்கள் இப்படித்தான் மறைப்போம், அந்தப் பழக்கத்தில் உங்களிடமும் மறைத்துவிட்டோம்’ என்று, பெரிய பையரிடம் கடைகளை விற்ற குடும்பத்துப் பெண்ணிடம், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? அந்த அம்மா அங்கே போய் ஒரு வார்த்தை பேசினால் எங்கள் எல்லோருக்கும் வேலை இருக்காது.

ராஜா மாஸ்க்கைக் கழற்றினார்

டீ வந்தது. அடுத்து நாடகம். நாகராஜ் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, மரம் வளர்த்த மகாராஜா கதை. யார் மனசும் புண்படாது.

எஸ்தர் அக்கா என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“ஏ சுகந்தி, அந்தம்மா முகம் வாடிட்டு. போயிருவாவளா?”

“போயிருவாங்கக்கா. எந்தக் குறையும் இல்லாத இடத்துக்கு எதுக்குக் குடுப்பாங்க?”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அழவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு பழனிச்சாமியிடம் திரும்பினார்.

“மாஸ்டர், ராஜா வேண்டாம். நம்ம ஆடிட்டு நாடகத்த போடுவோம்.”

பழனிச்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். “மொதலாளி முன்னாலயேங்களா?”

“அவுக முன்னாலதான். நான் சொல்லுதேன், வாரும்.”

அந்த நாடகம் எனக்குத் தெரியும். மேனேஜர்கள் யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சிரிப்பதற்காகப் போடுவது. நாகராஜுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பழனிச்சாமி மாஸ்க்கைக் கழற்றினார். கிரீடத்தை வைத்துவிட்டுச் சட்டைப் பையில் நாலு பேனாவைச் சொருகிக்கொண்டார். அச்சு அசல் நாகராஜ். எஸ்தர் அக்கா கறுப்புக் கண்ணாடியும் அட்டையுமாக ஆடிட்டர். ஓவர்லாக் டெய்லர் சுடலை, தொழிலாளி.

“ஓவர்டைம் உண்டா?” என்றார் ஆடிட்டர்.

“அப்படீன்னா என்னங்க?” என்றான் சுடலை, பாவமாக.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மார்த்தா என்னைப் பார்த்தார். பின் வரிசையில் இருந்து நாகராஜ் என் காதருகே குனிந்தார். “மேடம், கும்படறனுங்க. ட்ரான்ஸ்லேட் பண்ணீராதீங்க.”

நான் முதலாளியைப் பார்த்தேன். முகம் கல்லாக இருந்தது. ஆனால் அன்று காலையில் இருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் பெரிதாக இருந்தது. மார்த்தா பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

“சாப்பாட்டு நேரம் கொடுக்கிறார்களா?”

“எங்களுக்குப் பசியே எடுக்கறதில்லீங்க.”

“கழிப்பறை?”

“அதுவும் வர்றதில்லீங்க.”

“சின்னப் பிள்ளைகள் யாராவது இங்கே இருக்கிறார்களா?”

சுடலை, மேனேஜர் பழனிச்சாமியைப் பார்த்தான். மேனேஜர் கண்ணைக் காட்டினார். சுடலை நிமிர்ந்து நின்றான். “எங்கூர்ல யாரும் சின்னப் புள்ளையா பொறக்கறதே இல்லீங்க. பொறக்கும்போதே பதினெட்டு வயசுங்க.”

அப்போது மேடை ஓரம் இருந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்து ஒரு தும்மல்.

“என்ன சத்தம்?”

“பெட்டி தும்முதுங்க. தூசு அதுக்கு ஆகாது.”

மார்த்தாவிடம் நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை. பக்கத்தில் ஏதோ குலுங்கியது. முதலாளி. வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார், தொப்பை மட்டும் தனியாகக் குலுங்கியது. பெட்டி இரண்டாம் முறை தும்மியபோது அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்து, துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்தார்.

“கண்ணு, இதையும் அந்தம்மாகிட்டச் சொல்லு” என்றார். “நானும் அப்படி ஒளிஞ்சவந்தான். டெய்லருக்குப் பனியன் கை மடிச்சுக் குடுக்கற வேலைக்கு ஒரு கம்பெனிக்குப் போனேன், சின்னப் பையனா இருக்கறப்ப. இன்ஸ்பெக்டர் வந்தா வேஸ்ட் துணிக் குமிக்குள்ள எங்களைப் போட்டு மூடிப்போடுவாங்க. மூக்கெல்லாம் பஞ்சு. தும்மல் வந்துருமோன்னு மூச்சைப் புடிச்சுட்டுக் கெடப்பேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

மார்த்தா என் பக்கம் திரும்பினார். “அப்படியானால் இன்று இவர்கள் என்னை ஆடிட்டர் என்று நினைத்தார்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் வாளிகளைப் பார்த்தார், பச்சை அம்பைப் பார்த்தார், மூன்று பக்கமும் சுவரில்லாத கொட்டகையைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

“குழந்தைகள்?”

“மலையடிவாரத்தில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்றேன்.

முதலாளி திரும்பினார். “நாகராஜு! வேனுக்குப் போன் போடு. சீக்கரம் வரச்சொல்லு.”

மறுபடி ஒரு கேள்வி

பொழுது சாயும் நேரத்தில் வேன் வந்தது. அருவியில் நனைந்த தலைகள், ஈரத் துணிகள், புளிசாத வாசனை. கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பவித்ரா நேராக வந்து புதிதாகத் தெரிந்த வெள்ளைக்கார அம்மாவின் முன்னால் நின்றாள். அவர் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“மணி என்னாச்சுங்க?”

மார்த்தா புரியாமல் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். இந்தக் குழந்தை ஏன் எல்லோரிடமும் மணி கேட்கிறது என்று நான் சொன்னேன். பூட்டைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, எட்டு மணியைப் பற்றி. கொட்டகைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை என்பதையும் சொன்னேன். மார்த்தா கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பிறகு என்னிடம், “என்ன குறை என்ற அந்தக் கேள்வியை எல்லோரிடமும் மறுபடி கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாகராஜ் தொண்டையைச் செருமினார். எல்லோரும் பயந்து அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க” என்றார் நாகராஜ், மெதுவாக. “உள்ளதைச் சொல்லுங்க.”

பின்னால் இருந்த ஒரு பெண்தான் ஆரம்பித்தாள். “மழை பேஞ்சா ஒழுகுதுங்க.” அவ்வளவுதான், மடை திறந்தது. கரன்ட் போனா ஃபேன் இல்லீங்க. பாம்பு வருதுங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பாத்ரூம் தூரமுங்க. திரை இன்னும் ரெண்டு வேணுமுங்க. சுடலை ஆர்மோனியம் வேண்டும் என்றான். எனக்கு மொழிபெயர்த்து மாளவில்லை.

கடைசியில் எஸ்தர் அக்கா. “இடம் இல்லம்மா. தை முடிஞ்சா போவணும். பிள்ளையள் திரும்பப் பூட்டுக்குள்ள போயிரும். அதான் எனக்குக் குறை.”

அதை நான் நிதானமாகச் சொன்னேன். மார்த்தா தலையசைத்தார். வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டை போடுவார்கள், ஆனால் இந்த வருஷம் ஜெயிப்பது நான்தான் என்றார்.

எட்டு மணி

ஜெயித்தார். இடம் முதலாளி கொடுத்தார். பல்லடம் சாலைக்கு உள்ளே, அவர் பூர்வீக நிலத்தின் ஒரு மூலை. கட்டடம் மார்த்தாவின் குடும்பம் கட்டிக்கொடுத்தது. வார நாட்களில் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு. மழை ஒழுகாத கூரை, பக்கத்திலேயே கழிப்பறை, மரப்பலகை மேடை. தை முடிந்து அது எழும்பும் வரை எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு பகுதியைத் தடுத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். தடுப்புக்கு ஆள் விட்டு நின்று வேலை வாங்கியது நாகராஜ்.

சுவரில் யார் பெயரும் இல்லை. முதலாளிக்கு அது கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது. திறப்பு விழாவன்று ஒரு பெரிய சாம்பார் அண்டாவோடு வந்து இறங்கினார். அனுப்பர்பாளையத்துச் சரக்கு. விளிம்பைச் சுற்றிப் பெயர் வெட்டியிருந்தது. “சொவுத்துல போட வேண்டாம்னுதானுங்க சொன்னாங்க, அண்டாவுல போட வேண்டாம்னு சொல்லலீங்களே” என்றார்.

அன்றைக்கு நாடகம் மறுபடி ஆடிட்தான். ஆடிட்டர் வேஷத்துக்கு நாகராஜ் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பதில் சொல்லிக்கொடுத்தே பழகியவர் அல்லவா, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அதற்கு விழுந்த சிரிப்பில் பெட்டியின் தும்மல் யார் காதிலும் விழவில்லை. மார்த்தாவால் வர முடியவில்லை. எல்லாவற்றையும் நான் எழுதி அனுப்பினேன், அண்டாவைத் தவிர.

ஒரு வார நாளில் நான் வேலை முடிந்து அந்தப் பக்கம் போயிருந்தேன். மேடையில் பவித்ரா மற்றப் பிள்ளைகளோடு ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு மேல் கோணலாக ஒரு மீசை. யாரையோ பெட்டிக்குள் இறக்கிவிட்டு, தலை தெரிகிறது, இன்னும் குனி என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. அவள் அம்மா. ஷிப்ட் விட்டு நேராக வந்திருந்தாள். முடியெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

பவித்ரா திரும்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அதுக்குள்ள ஏம்மா வந்தே?”

அவள் அம்மா தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.